வேரின் விலையைத் தீர்மானிப்பது வெயிலும் தீயும்

தை, மாசி மாதங்களில் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்திற்கோ வந்தவாசிக்கோ செல்லும் சாலையில் போகிறவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க முடியாது. சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு நெல் காயும். ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்து எல்லை கட்டியிருப்பார்கள். பேருந்தும் டிராக்டரும் ஒதுங்கிப் போகும். களம் போதாத ஊரில் வேறு வழி இல்லை என்று எல்லோரும் இதைப் பொறுத்துக்கொள்கின்றனர். கொதிக்கும் தாரில் வேகமாகக் காய்ந்த நெல் மணி வெடித்து, அரவையில் நொய்யாகப் போகிறது என்பதைக் குடியானவர்கள் அறிந்தே இருக்கின்றனர். ஆனாலும் நெல் நெல்லாகவே வீடு திரும்புகிறது.

மருந்து வேர் அப்படித் திரும்புவதில்லை. தவறான சூட்டில் காய்ந்த வேர், கண்ணுக்கு வேராகவே இருந்தாலும் உள்ளே இருந்த மருந்து போய்விட்டிருக்கும். சில சமயம் வேறு பொருளாக மாறியும் இருக்கும். ஏரி நிரம்பாத ஆண்டுகளில் நெல்லை விட்டு மூலிகைப் பயிர் பக்கம் திரும்பலாமா என்று யோசிக்கும் விவசாயிகளுக்கு எந்த விதை, எத்தனை அடி இடைவெளி, எவ்வளவு தொழு உரம் என்பதெல்லாம் சொல்லப்படுகிறது. தோண்டிய வேரை என்ன செய்வது என்பது மட்டும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது: "நன்கு காயவைத்து விற்கவும்." அந்த இரண்டு வரியில்தான் பயிரின் லாபமும், அதை உண்ணும் நோயாளியின் நலமும் அடங்கியிருக்கின்றன. இந்த அலட்சியம் மாற வேண்டும்.

எல்லா வேருக்கும் ஒரே சூடு அல்ல

வேரில் உள்ள மருந்துச் சத்து என்பது ஒரே பொருள் அல்ல. மணம் தரும் எண்ணெய், கசப்புத் தரும் பொருள், நுரை தரும் பொருள், நிறம் தரும் பொருள் எனப் பல வகை. இவை ஒவ்வொன்றும் சூட்டுக்கு ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். சில ஆவியாகிப் பறந்துவிடும். சில சிதையும். சில வேறொரு பொருளாக மாறி முன்னைவிட வீரியம் பெறும். சில, எவ்வளவு வேகவைத்தாலும் அசையாது நிற்கும்.

இதோடு இன்னொன்றும் உண்டு. தோண்டி எடுத்த வேர் உடனே இறந்துவிடுவதில்லை. அதன் உள்ளே நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். ஈரம் மெதுவாக வற்றினால் அந்த நொதிகளே மருந்துச் சத்தைக் கரைத்துத் தின்றுவிடும். கூடவே பூசணமும் ஏறும். ஆக, அதிகச் சூடு ஒரு பக்கம் நஷ்டம் என்றால், சூடு போதாமையும் மறுபக்கம் நஷ்டமே. இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவு வேருக்கு வேர் வேறுபடும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். அடுப்படியில் உள்ள இஞ்சியே போதும். பச்சை இஞ்சியின் காரத்திற்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். இஞ்சி காயும்போதும் சூடேறும்போதும் அதிலிருந்து நீரின் கூறு பிரிந்து, அது ஷோகால் என்ற வேறு பொருளாக மாறுகிறது. பச்சை இஞ்சியில் ஷோகால் மிகக் குறைவு. சுக்கில் அதிகம். ஷோகாலின் காரம் ஜிஞ்சராலைவிடக் கடுமை. இஞ்சியையும் சுக்கையும் நமது வைத்தியம் இரண்டு சரக்குகளாகவே வைத்திருக்கிறது. இஞ்சி கேட்ட இடத்தில் சுக்கைக் கொடுத்தால் பாட்டியே ஏற்கமாட்டார். பெயர் தெரியாமலே இரசாயன மாற்றத்தை அறிந்திருந்த அறிவு அது.

மஞ்சள் சொல்லும் பாடம்

வேகவைத்து விற்கும் கிழங்குகளில் தமிழக விவசாயி நன்கு அறிந்தது மஞ்சள். ஈரோடு, சேலம் பக்கத்து விவசாயிகள் அறுவடையான இரண்டு மூன்று நாட்களுக்குள் கிழங்கை வேகவைத்துவிடுவார்கள். நுரை எழும்பி, வெண்ணிற ஆவியும் மஞ்சளுக்கே உரிய மணமும் வரும்போது, ஒரு குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். தடையின்றி இறங்கினால் பதம். ஏறக்குறைய 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். இப்படி வேகவைப்பதால் கிழங்கின் உயிர் அடங்குகிறது, மாவுச்சத்து கூழாகி நிறம் எங்கும் ஒரே சீராகப் பரவுகிறது, காயும் நாட்களும் குறைகின்றன. அதிகம் வெந்தால் நிறம் கெடும். வேக்காடு குறைந்தால் காய்ந்த பின் நொறுங்கும். சாணக் கரைசலில் வேகவைக்கும் பழைய வழக்கம் சுகாதாரத்திற்கு ஆகாது. சுத்தமான தண்ணீரே போதும்.

மஞ்சளின் மருந்துச் சத்தான குர்க்குமின் சூட்டில் என்ன ஆகிறது என்பதை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சமையலில் சூடேற்றும்போது குர்க்குமின் நூற்றுக்கு 27 முதல் 53 பங்கு வரை குறைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. பிரஷர் குக்கரில் வேகவைத்தபோது நஷ்டம் மிக அதிகம். ஆனால் புளி சேர்த்து வேகவைத்தபோது நஷ்டம் 12 முதல் 30 பங்கு வரைதான். குர்க்குமின் காரத்தன்மையுள்ள நீரில் எளிதில் சிதையும் பொருள், புளிப்பில் நிலைத்து நிற்கும். புளிக்குழம்பில் மஞ்சள் போடும் வழக்கம் ருசிக்காக மட்டும் வந்ததல்ல போலும் என்று எண்ணத் தோன்றுகிறது. சோடா உப்புக் கலந்த நீரில் மஞ்சளை வேகவைத்து நிறம் ஏற்ற முனைவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

நன்னாரிக்குச் சூடே பகை

உத்திரமேரூர், மதுராந்தகம், செங்கற்பட்டு வட்டாரங்களின் புதர்க்காடுகளிலும் குன்றுகளின் அடிவாரத்திலும் நன்னாரி தானாகவே வளர்கிறது. இருளர் மக்கள் அதன் கொடியைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டு, மண் ஈரமாக இருக்கும் நாளில் வேரை அறுபடாமல் எடுப்பதில் கைதேர்ந்தவர்கள். இந்த வேரின் மணம்தான் அதன் மதிப்பு. அந்த மணத்திற்குக் காரணமான பொருள் வெனிலாவின் மணப்பொருளுக்கு நெருங்கிய உறவு. அது ஆவியோடு சேர்ந்து எளிதில் பறந்துவிடும். தார்ச் சாலையில் நன்னாரி காயும்போது தெருவே மணக்கிறது என்றால், மூட்டையில் இருக்க வேண்டிய சரக்கு காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கத்திரி வெயிலில் காற்றின் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடு என்றால் கருந்தாரின் மேற்பரப்பு 60 டிகிரியையும் எட்டும். நன்னாரிக்கு இது ஆகாது. வேரை மண் போகக் கழுவி, நீர் வடித்து, காற்றோட்டமான நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். சர்பத்துக்கு வேரைப் பயன்படுத்துவோரும் இதே விதியைக் கடைப்பிடிக்கலாம். வேரை இடித்து, கொதித்து இறக்கிய நீரில் போட்டு மூடி ஊறவிடுவது நல்லது. திறந்த பாத்திரத்தில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், சர்பத் மணக்காது. அப்போதுதான் கடைக்காரர் செயற்கை எசென்சைத் தேடிப் போகிறார்.

மாகாளிக்கிழங்கிலும் இதே மணப்பொருள்தான் இருக்கிறது. அதை ஊறுகாய் போடும் வீடுகளில் கிழங்கை வேகவைப்பதில்லை. தோல் சீவி, நறுக்கி, மோரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவைக்கிறார்கள். மணப்பொருளைக் காக்கும் வழி இதுவே என்று ஆய்வுக்கூடம் சொல்வதற்கு முன்பே அடுப்படி கண்டுகொண்டது. வியாபாரத்தில் மாகாளியை நன்னாரி என்று விற்பதும் நடக்கிறது. மணம் ஒன்றாக இருப்பதால் வாங்குகிறவர் ஏமாறுகிறார். வேர் தடித்துச் சதைப்பற்றாக இருந்தால் அது நன்னாரி அல்ல என்று அறியலாம்.

விஷம் போக்கும் தீ, விஷம் போகாத தீ

சூடு எப்போதும் பகை என்று முடிவு கட்டுவதும் தவறு. இமயமலைப் பகுதியிலிருந்து வரும் நாபிக் கிழங்கு கொடிய நஞ்சு. அதிலுள்ள அக்கோனிட்டின் இதயத்தின் துடிப்பையே குலைத்துவிடும். ஆனால் நீரில் நெடுநேரம் வேகும்போது அந்தப் பொருள் படிப்படியாக உடைகிறது. முதல் படியில் கிடைக்கும் பொருளின் நச்சு, மூலப்பொருளைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. அடுத்த படியில் இன்னும் குறைவு. சீன வைத்தியத்தில் இக்கிழங்கை நீண்ட நேரம் வேகவைத்த பின்பே சேர்ப்பதற்கும், நம் வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் தொடாததற்கும் இதுவே காரணம். சரியாக வேகாத கிழங்கால் ஹாங்காங்கில் பலர் நச்சுப் பாதிப்புக்கு ஆளானது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அரை வேக்காடு இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இதைக் கேட்டு, எந்த விஷக் கிழங்கையும் வேகவைத்தால் சரியாகிவிடும் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. கண்வலிக்கிழங்கு இதற்கு எச்சரிக்கை. கார்த்திகைப் பூ என்றும் செங்காந்தள் என்றும் அழைக்கப்படும் இக்கொடி வேலிகளில் தானாக வளரும். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கங்களில் விதைக்காகப் பயிரிடப்படுகிறது. இதிலுள்ள கால்ச்சிசின் வேகவைத்தாலும் அழியாது. இலங்கையில் இக்கிழங்கை வத்தாளைக் கிழங்கு என்று எண்ணி, வேகவைத்து உண்டவர்கள் இறந்திருக்கிறார்கள். ஒரு கிழங்கின் நஞ்சை முறிக்கும் அதே கொதிநீர் மற்றொரு கிழங்கின் நஞ்சைத் தீண்டுவதும் இல்லை. எல்லா வேருக்கும் ஒரே விதி கிடையாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டியதில்லை.

வசம்பு நடுவில் நிற்கும் சரக்கு. "பிள்ளை வளர்ப்பான்" என்று பெயர் பெற்ற இந்த வேர்க்கிழங்கைத் தாய்மார்கள் பச்சையாகக் கொடுப்பதில்லை. விளக்கில் சுட்டுக் கரியாக்கி உரைப்பார்கள். வசம்பின் எண்ணெயில் உள்ள அசரோன் என்ற பொருள் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியது என்பதால், அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டிலேயே வசம்பை உணவில் சேர்ப்பது தடை செய்யப்பட்டது. சுடும்போது ஆவியாகும் எண்ணெய் பெரிதும் போய்விடுகிறது. ஆயினும் வீட்டில் சுட்டது எவ்வளவு சுட்டது என்று அளக்க வழி இல்லை. குழந்தைக்கு எதையும் கொடுக்குமுன் தகுதி பெற்ற மருத்துவரைக் கேட்பதே நல்லது.

தீயை அளந்த மரபு

வெப்பமானி இல்லாத காலத்திலேயே சித்த மருத்துவர்கள் தீயை அளந்திருக்கிறார்கள். விளக்குச் சுடர் போன்ற சிறு தீ தீபாக்கினி. அதற்கு மேற்பட்ட நடுத்தரத் தீ கமலாக்கினி. கொழுந்துவிட்டு எரியும் பெருந்தீ காடாக்கினி. எந்த மருந்துக்கு எந்தத் தீ, எத்தனை நாழிகை என்று வகுத்தார்கள். புடம் போடுவதற்கு எத்தனை வரட்டி என்று எண்ணிக்கையும் சொன்னார்கள். அமுக்கராக் கிழங்கைச் சுத்தி செய்யும்போது நேரே தீயில் வாட்டுவதில்லை. பானையில் பாலை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, அதன்மேல் பொடியை வைத்துப் பால் ஆவியில் அவிப்பார்கள். பிட்டு அவிப்பது போன்ற இந்தப் பிட்டவியலில் சூடு கொதிநீர் ஆவியின் அளவைத் தாண்டாது, சரக்கு கருகாது. இதைவிட எளிய வெப்பக் கட்டுப்பாடு எது?

இந்த மரபுக்கு உத்திரமேரூர் மக்கள் பக்கத்திலேயே ஒரு கல்வெட்டுச் சாட்சி உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகளுடன் ஆதுலசாலை ஒன்று நடந்ததை அது சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர் என்று ஆட்களுக்கு நெல் அளக்க ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அந்தச் சாலையில் இருப்பு வைத்த மருந்துகளின் பட்டியலில் பத்து வேர்களைக் கொண்ட தசமூலம் சேர்ந்த மருந்தும், சேராங்கொட்டை சேர்ந்த மருந்தும் உண்டு.

விவசாயிகள் அந்தக் கல்வெட்டில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. மூலிகை கொண்டுவரவும், விறகு கொண்டுவரவும், மருந்து காய்ச்சவும் அங்கே இரண்டு பேர் நியமிக்கப்பட்டிருந்தார்கள். மூலிகையைக் கொண்டுவருபவரே விறகையும் கொண்டுவந்தார். மருந்து காய்ச்சும் அடுப்பருகிலும் அவரே நின்றார். வேர் ஒருவர் கையிலும் தீ வேறொருவர் கையிலும் பிரிந்து கிடக்கவில்லை. இன்று அந்த இரண்டும் பிரிந்துவிட்டன. காட்டில் தோண்டுபவர் ஒருவர், ஊரில் வாங்குபவர் ஒருவர், நகரத்துக் கிடங்கில் அடுக்குபவர் ஒருவர், மருந்துக் கம்பெனியில் அரைப்பவர் ஒருவர். நடுவில் வேர் எந்தச் சூட்டைப் பார்த்தது, எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது என்று எவருக்கும் தெரியாது.

கொரியா காட்டும் வழி

கொரியா நாட்டில் ஜின்செங் என்ற வேர் பேர்போனது. அதைத் தோண்டி அப்படியே உலர்த்தினால் வெள்ளை ஜின்செங். ஏறக்குறைய 100 டிகிரி ஆவியில் இரண்டு மூன்று மணி நேரம் அவித்து உலர்த்தினால் சிவப்பு ஜின்செங். ஆவியில் வேகும்போது பச்சை வேரில் இருந்த சில சத்துகள் உடைந்து, பச்சை வேரில் அநேகமாக இல்லாத புதிய சத்துகள் தோன்றுகின்றன. அதனால் அங்கே இரண்டும் இரண்டு சரக்கு, இரண்டு பெயர், இரண்டு விலை. சிவப்பு ஜின்செங் தயாரிப்பை அந்நாட்டு அரசே 1996 வரை தன் ஏகபோகமாக வைத்திருந்தது என்றால் அதன் மதிப்பை ஊகிக்கலாம். சீனாவிலும் அப்படியே. ரெமானியா என்ற கிழங்கைப் பச்சையாகவும் அவித்தும் இரண்டு தனித்தனி மருந்துகளாக அவர்களின் மருந்துநூல் பட்டியலிட்டிருக்கிறது.

கொரியக் குடியானவருக்கு ஒரே வேரிலிருந்து இரண்டு சரக்கைத் தந்தது உரமோ விதையோ அல்ல, அளவறிந்த ஆவி. நமக்கும் இஞ்சி-சுக்கு என்ற பாடம் கையில் இருக்கிறது. அதை மற்ற வேர்களுக்கும் நீட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. அமுக்கரா, தண்ணீர்விட்டான், சித்திரமூலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எந்தச் சூட்டில் எந்தச் சத்து எவ்வளவு நிற்கிறது என்று ஒரு பக்கத் துண்டுப் பிரசுரமாவது கிராமத்துக்கு வர வேண்டும். மருந்துக்கூர்கன் கிழங்கை அரை சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக நறுக்கி 40 டிகிரியில் உலர்த்தியபோது, அதன் சத்தான ஃபோர்ஸ்கோலின் நன்கு நின்றது என்று தமிழகத்தில் நடந்த ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அந்த 40 என்ற எண் எத்தனை விவசாயிகளை எட்டியது?

குடியானவர் வேலை எது, வைத்தியர் வேலை எது

இங்கே ஒரு ஆட்சேபம் எழுவது இயல்பு. "வேரைப் பக்குவம் செய்வது வைத்தியர் வேலை. விவசாயி தோண்டி விற்றால் போதாதா?" என்று சிலர் கேட்கின்றனர். இதில் பாதி உண்மை இருக்கிறது. சுத்தி செய்வதும், நஞ்சு முறிப்பதும், மருந்தாக முடிப்பதும் முறையாகப் படித்தவர் வேலைதான். அதில் விவசாயி கை வைக்கக் கூடாது. சித்திரமூல வேரைத் தோலில் பட்டாலே கொப்புளிக்கும் என்று தெரிந்தவர்கள் இந்த விஷயத்தில் பிடிவாதம் பிடிக்க மாட்டார்கள்.

ஆனால் மறுபாதி தவறு. தோண்டிய நாளிலிருந்து மூட்டை கட்டும் நாள் வரை உள்ள ஒரு வாரம் வைத்தியர் கையில் இல்லை, விவசாயியின் கையில்தான் இருக்கிறது. கழுவுதல், தரம் பிரித்தல், நறுக்குதல், உலர்த்துதல் ஆகிய நான்கும் அவர் செய்தே தீர வேண்டியவை. அந்த வாரத்தில் போன சத்தை எந்த வைத்தியரும் திரும்பக் கொண்டுவர முடியாது. வெந்த சோற்றை நெல்லாக்க முடியுமா?

இன்னொரு ஆட்சேபம் விலை பற்றியது. "நன்றாகக் காயவைத்தால் எடை குறைகிறது, வியாபாரி எடைக்குத்தானே பணம் தருகிறார்?" என்று கேட்கும் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. கணக்கைப் பார்க்கலாம். நூற்றுக்கு 70 பங்கு ஈரம் உள்ள பச்சை வேர் 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதில் உலர்ந்த பொருள் 30 கிலோ. அதை 10 பங்கு ஈரத்திற்குக் காயவைத்தால் கிடைப்பது 33 கிலோவுக்குச் சற்று அதிகம். 20 பங்கு ஈரத்தோடு நிறுத்தினால் முப்பத்தேழரை கிலோ. வித்தியாசம் நான்கு கிலோ தண்ணீர். வியாபாரி இந்தத் தண்ணீரை அறியாதவர் அல்ல. கையில் எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, "ஈரம்" என்று சொல்லி மூட்டைக்கு மூட்டை விலையைக் குறைக்கிறார். அந்த ஈரத்தில் கிடங்கில் பூசணம் வந்தால் முழு மூட்டையும் கழிவாகிறது. ஆகவே நான்கு கிலோ தண்ணீரை விற்றவர் லாபம் அடைவதில்லை. ஆனால் நன்கு காயவைத்தவருக்கும் அதே விலைதான் என்ற நிலை நீடித்தால், நன்கு காயவைப்பவர் அடுத்த ஆண்டு இருக்க மாட்டார். இது விவசாயியின் குற்றம் அல்ல, கொள்முதல் முறையின் குற்றம்.

விவசாயி இன்றே செய்யக்கூடியவை

அரசும் கம்பெனியும் மாறும்வரை காத்திராமல் செய்யக்கூடியவை சில உண்டு.

வேரைத் தோண்டிய அன்றே கழுவிவிட வேண்டும். மண் ஒட்டிய வேர் பூசணத்திற்கு விருந்து. நீரில் நெடுநேரம் ஊறவிடவும் கூடாது, நீரில் கரையும் சத்து அதிலேயே போய்விடும்.

கனமான வேரைச் சீரான அளவில் நறுக்க வேண்டும். அமுக்கராவை 7 முதல் 10 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, நூற்றுக்கு 10 முதல் 12 பங்கு ஈரம் வரும்வரை உலர்த்துவது வழக்கம். தடிமனும் மெல்லியதும் கலந்து காய்ந்தால் ஒன்று கருகும்போது மற்றொன்று ஈரமாக இருக்கும்.

மணமுள்ள வேர் நிழலுக்கு, மற்றவை இளவெயிலுக்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தார்ச் சாலை எதற்கும் வேண்டாம். தாரும் புகையும் எண்ணெயும் ஒட்டிய வேர் மருந்துக்கு உதவாது. மூங்கில் தட்டியில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பரப்பினால் அடியிலும் காற்றுப் புகும். மாலையில் பனி படாமல் மூட வேண்டும்.

தண்ணீர்விட்டான் கிழங்கைச் சற்று நேரம் ஆவியில் காட்டினால் தோல் எளிதாக உரியும். தோல் உரிந்ததைக் காலம் கடத்தாமல் உலர்த்த வேண்டும். வழவழப்பு உள்ள கிழங்கு என்பதால் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாக இருக்கும். இதில் அவசரப்பட்டு மூட்டை கட்டினால் நஷ்டம் நிச்சயம்.

காய்ந்துவிட்டதா என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு கைப்பிடித் துண்டுகளைத் தனியே அடையாளம் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு, தேதியுடன் எழுதிவர வேண்டும். இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. ஒடித்தால் "சடக்" என்று ஒலிக்க வேண்டும், வளையக் கூடாது. அந்த எழுதிய தாளையே மூட்டையோடு வைத்தால், வாங்குகிறவரிடம் பேச ஒரு ஆதாரம் கிடைக்கும்.

அரசு செய்ய வேண்டியவை

மூலிகைக்காக மத்திய அரசு 2000ஆம் ஆண்டில் தேசிய மருத்துவத் தாவர வாரியத்தை அமைத்தது. தமிழக அரசின் மூலிகைப் பண்ணை மற்றும் மூலிகை மருந்துக் கழகமான டாம்ப்கால் 1983ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. அதன் தொழிற்சாலை திருப்போரூர் அருகே ஆலத்தூரில் இருக்கிறது. 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தாலும், உத்திரமேரூர் விவசாயிக்கு அது எட்டாத தூரம் அல்ல. சித்த மருந்து தயாரிக்கும் தொழிற்சாலை அருகிலும், வேர் விளையும் நிலம் இங்கும் இருக்கும்போது, நடுவில் தரம் அறிந்து வாங்கும் ஏற்பாடு ஒன்றுதான் தேவை.

அதற்கு முதல் படி, வட்டாரத்துக்கு ஒரு பொது உலர் கூடம். பாலிதீன் கூரையிட்ட சூரிய உலர்த்தியில் சூட்டைக் குறித்துக்கொள்ள ஒரு வெப்பமானியும், மணமுள்ள வேர்களுக்கு நிழல் தட்டிகளும் இருந்தால் போதும். வேர்க்கடலையும் மிளகாயும் அதே கூடத்தில் காயலாம் என்பதால் ஆண்டு முழுவதும் பயன்படும். இரண்டாவது படி, எடைக்கும் நிறத்திற்கும் அல்லாமல் சத்துக்கும் ஈரத்திற்கும் விலை. மாவட்டத்தில் ஒரு பரிசோதனைக் கூடம் மாதிரியை வாங்கிப் பார்த்துச் சொன்னால், நன்கு காயவைத்தவர் அதிக விலை கேட்க உரிமை பெறுகிறார். மூன்றாவது படி, இருளர் மக்களின் அறிவைக் கணக்கில் எடுப்பது. செங்கற்பட்டு அருகே தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986 முதல் மூலிகைப் பணி செய்துவருகிறது. பயிற்சி முகாம்களில் இவர்கள் கேட்பவர்களாக மட்டும் உட்காராமல், சொல்பவர்களாகவும் அமர வேண்டும். எந்த வேரை எந்தப் பருவத்தில் எடுத்தால் வீரியம் என்பதை அவர்களிடம் கேட்டு, ஆய்வுக்கூடம் அளந்து பார்க்கட்டும். அளவில் தேறியது எல்லோருக்கும் போகட்டும்.

பொன்னைப் பார்த்த ஊர்

குடவோலைக் கல்வெட்டால் உலகப் புகழ் பெற்றது உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த அக்கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியமும் வருகிறது. ஊரில் புழங்கும் பொன் மாற்றுக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஊராரே பொறுப்பேற்றிருந்தார்கள். வெளியூர் வியாபாரி சொன்ன மாற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஊராக அது இருக்கவில்லை.

இன்று வேருக்கும் அந்த ஏற்பாடு வேண்டும். தன் வேரில் என்ன இருக்கிறது, எந்தச் சூட்டில் அது நிற்கும், எந்தச் சூட்டில் போகும் என்று அறியாத விவசாயி, வியாபாரி சொல்லும் விலைக்கே தலையாட்ட வேண்டியிருக்கும். அறிந்தவர் விலையைப் பேச முடியும். அந்தக் கடைசி ஒரு வாரத்தை உத்திரமேரூர் விவசாயி தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். தார்ச் சாலையை விட்டு மூங்கில் தட்டிக்கு வேர் ஏறினால், அவரது கல்லாப்பெட்டியும் நிறையும், அந்த வேரை மருந்தாகச் சாப்பிடும் நோயாளிக்கும் மருந்து மருந்தாகவே போய்ச் சேரும்.